காலண்டர் ஊரில் கணினி மாற்றும் காலம்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி வட்டாரத்தில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று சூடுபிடிக்கும் வேலை மார்கழி வரை ஓயாது. 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலுக்கும் இதுதான் நிலை. பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி லேபிள், டைரி, டெய்லி காலண்டர் எதுவானாலும் முதலில் ஒரு டிடிபி கணினியில்தான் உருவாகிறது.

அப்படிப்பட்ட பரபரப்புக்கு நடுவே, தீபாவளிக்கு ஆறே நாள் இருக்கும்போது, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான திருத்தங்கள் இனி வராது. நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென் டிரைவைச் செருகி வேலை பார்க்கும் இடத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம் என்றால் பல பழைய கணினிகளில் அது முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5-4570 என்ற பெயரில் கோட்டுக்கு அடுத்துள்ள 4தான் தலைமுறை. ஐ3-12100 என்றால் அது 12-ஆம் தலைமுறை. ஐ7 என்றாலே உசத்தி, ஐ3 என்றாலே மட்டம் என்று கடையில் பேசுவதை நம்பிவிடக் கூடாது. 2017-ல் மேசைக் கணினிகளில் கொடிகட்டிப் பறந்த ஐ7-7700-ஐவிட, பின்னால் வந்த ஐ3-12100 வேகமானது. சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பது போன்ற புதுப்பித்த கணினியை வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மற்றதை வேலைதான் முடிவு செய்யும். டேலியில் பில் போடவும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யவும் 8 ஜிபி ரேம் போதும். ஃபோட்டோஷாப்பில் சாமி படத்தையும் கோரல்டிராவில் லேபிளையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பவருக்கு 16 ஜிபியாவது வேண்டும், முடிந்தால் 32. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி எல்லோருக்கும் அவசியம். ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுற்றி, முள் நகர்ந்து, தரவைத் தேடிப் பிடிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லாததால் கணினி திறப்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் சரியாகப் பார்த்து வாங்கிய பிறகும் வேலை முடங்கலாம். காரணம், பழைய கோப்புகள்.

இந்த வட்டாரத்தின் எத்தனையோ லேபிள்களும் பஞ்சாங்கத் தாள்களும் அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் வடிவமைத்தவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறக்காது. டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் 16 பிட் காலத்து மென்பொருள் அதில் ஓடாது. மென்பொருள் உரிமத்துக்காகப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய டாங்கிளுக்குப் புதிய கணினியில் பெரும்பாலும் இடமே இருக்காது.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்துச் செய்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், ராகு காலமும் எமகண்டமும் இருக்க வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்து நிற்கும். ஆகவே கடைக்குப் போகும் முன்பே எழுத்துருக்கள், மென்பொருள்கள், உரிம எண்கள், பிரிண்டர் வகை ஆகியவற்றைத் தாளில் எழுதிவைப்பது முதல் வேலை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டால்தான் விற்பவரும் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

பணக் கணக்கும் உண்டு. கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ள அச்சகம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம்.

பழையதை எடைக்குப் போட்டுவிடுவது சரியல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அதைச் சேர்ப்பதே நல்லது. அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை முழுமையாக அழிப்பது அவசியம். வாடிக்கையாளர்களின் லேபிள் வடிவமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

மாற்றுவதற்கு ஏற்ற நேரம் பொங்கல் முடிந்து காலண்டர் வேலை ஓய்ந்த நாட்கள். புதிய கணினி வந்ததும் பழையதை அப்புறப்படுத்திவிடாமல், இணைய இணைப்பைத் துண்டித்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். போன வருடத்து டெய்லி காலண்டர் கோப்பு ஒன்றைப் புதியதில் திறந்து, ஒரு தாள் அச்சிட்டு, பழைய தாளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறாமல் நின்றால், ஆடிப்பெருக்கு ஆல்பத்துக்கான வேலையை அந்தக் கணினியிலேயே தொடங்கலாம்.