10 ஆயிரம் அடி நடந்தே ஆகணுமா? செல்போன் கணக்கு பிறந்த கதை!

சென்னையில் விடியற்காலை 5 மணிக்கே மெரினாவிலும் பூங்காக்களிலும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார்கள். நடுநடுவே செல்போனை எடுத்துப் பார்க்கிறார்கள். 10 ஆயிரம் அடி ஆனால்தான் சிலருக்குத் திருப்தி. "இன்னும் 800 பாக்கி" என்று மொட்டை மாடியில் சுற்றுகிறவர்களும் உண்டு.

இந்த 10 ஆயிரம் எங்கிருந்து வந்தது? டாக்டர் எழுதிக் கொடுத்ததா?

இல்லை. ஒரு கடைச் சரக்கோடு வந்தது!

ஜப்பான் கருவி

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஜப்பான் ஜனங்களுக்கு உடற்பயிற்சி மேல் ஆசை பிறந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1965-ல், யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எத்தனை அடி நடந்தோம் என்று அது காட்டும்.

அதன் பெயர் 'மான்போ-கெய்'. ஜப்பான் மொழியில் 'மான்' என்றால் 10 ஆயிரம். 'போ' என்றால் அடி. 'கெய்' என்றால் மானி.

முழு எண். சொல்லவும் சுலபம். அங்கே இருந்த நடைச் சங்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு கையில் கட்டும் கருவிகளிலும் செல்போனிலும் அதே எண் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சென்னைக்கும் வந்தது

2023 நவம்பர் 4-ந் தேதி தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டம்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை. சென்னையில் பெசன்ட் நகரில் தொடக்க விழா நடந்தது. டோக்கியோவில் இருக்கும் 8 கிலோ மீட்டர் பாதையைப் பார்த்துதான் இந்த யோசனை வந்தது. 8 கிலோ மீட்டர் நடந்தால் ஏறக்குறைய 10 ஆயிரம் அடி!

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அமெரிக்காவில் 16 ஆயிரத்து 741 வயதான பெண்களை வைத்து நடந்த ஆராய்ச்சி 2019-ல் வெளியானது. தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடம் சாவு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2025-ல் 57 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 7 ஆயிரம் அடியே நல்ல பலன் தரும் என்று தெரிந்தது.

10 ஆயிரம் நடந்தால் தப்பில்லை. ஆனால், "அவ்வளவு நம்மால் ஆகாது" என்று ஒரேயடியாக உட்கார்ந்துவிடுவதுதான் தப்பு. காலை முதல் இரவு வரை கல்லாவில் இருக்கும் கடைக்காரரும், நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தாவும் 2 ஆயிரம் அடி கூட்டினாலே லாபம். ஒரு ஸ்டாப் முன்னால் பஸ்சை விட்டு இறங்கினால், அதில் பாதி வந்துவிடும்.

பெண்கள் பாடு

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம்!

இதைச் சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. காலையில் டிபன், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வீட்டு வேலை. அதை முடித்து வெளியே வந்தால் நடைபாதை மேல் மோட்டார் சைக்கிள்.

இன்னொன்று, திருட்டுப் பயம். 2025 மார்ச் 25-ந் தேதி காலை சைதாப்பேட்டை, திருவான்மியூர், கிண்டி என்று சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து பெண்களிடம் சங்கிலி பறிக்கப்பட்டது. பறித்துவிட்டு விமானத்தில் தப்பப் பார்த்த 2 பேரை விமான நிலையத்திலேயே போலீசார் மடக்கினர். ஆனால், அந்தச் செய்தியைப் படித்த வீடுகளில் "நாளையிலிருந்து வாக்கிங் வேண்டாம்" என்ற பேச்சு கிளம்பினால் ஆச்சரியமில்லை.

செல்போன் அடியை எண்ணும். காவலுக்கு வராது. தெரு விளக்கு எரிந்து, நடைபாதை காலியாகி, விடியற்காலை போலீஸ் ரோந்து வந்தால், 4 ஆயிரம் அடி நடக்கவாவது இன்னும் பல பெண்கள் வாசல்படி தாண்டுவார்கள்.