ஜப்பானில் மோர்மன் இளம் மிஷனரியின் ஒரு வாரம்

ஜப்பானிய நகரங்களின் ரயில் நிலைய வாசல்களில் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன், இருவர் இருவராக நிற்கும் வெளிநாட்டு இளைஞர்களைக் காணலாம். இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர மிஷனரிகள். மோர்மன்கள் என்று பரவலாக அறியப்படும் இச்சபையை 1830இல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். இதன் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ளது. பைபிளுடன் மார்மன் புத்தகத்தையும் இவர்கள் வேதமாகக் கொள்கின்றனர். திரித்துவத்தைப் பிற சபைகள் விளக்கும் விதத்தில் ஏற்பதுமில்லை. ஆகவே பல சபைகள் இவர்களைக் கிறிஸ்தவர்களாக எண்ணுவதில்லை. இவர்கள் தம்மைக் கிறிஸ்தவர்கள் என்றே கூறுகின்றனர்.

இளைஞர்களுக்குப் பணிக்காலம் 24 மாதங்கள், இளம்பெண்களுக்கு 18 மாதங்கள். பணிக்குச் செல்வதற்கான குறைந்தபட்ச வயது 2012இல் ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. எந்த நாட்டுக்குப் போவது என்பதை விண்ணப்பிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. சபைத் தலைமையே அதை முடிவு செய்யும். சம்பளமும் கிடையாது. அமெரிக்காவிலிருந்து செல்பவருக்காக 2020 முதல் மாதம் 500 டாலர் சபையின் நிதிக்குக் கட்ட வேண்டும். அவரது சேமிப்போ குடும்பமோ இதை ஏற்கிறது. ஆக, இரண்டாண்டு ஊழியத்துக்கு ஓர் இளைஞரின் வீட்டார் ஏற்கும் செலவு 12,000 டாலர்.

திங்கட்கிழமை

மிஷனரியின் வாரத்தில் ஒரு நாள் 'ஆயத்த நாள்' எனப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் அது திங்கட்கிழமை. துணி துவைத்தல், வீடு கூட்டுதல், மளிகை வாங்குதல், முடிவெட்டுதல் எல்லாம் அன்றைக்குத்தான். நேரம் மிஞ்சினால் கோயிலோ கோட்டையோ பார்க்கப் போகலாம். மாலை 6 மணி வாக்கில் அந்த விடுப்பு முடிந்துவிடும். மீண்டும் டை கட்டிக்கொண்டு வெளியே கிளம்ப வேண்டும்.

அந்த நாளின் முக்கிய நிகழ்ச்சி வீட்டுக்குப் பேசுவது. 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரு நாட்களில் மட்டுமே தொலைபேசியில் பேச அனுமதி இருந்தது. மற்ற வாரங்களில் கடிதமோ மின்னஞ்சலோ மட்டும்தான். இப்போது வாரந்தோறும் வீடியோ அழைப்பில் பேசலாம். ஜப்பானில் திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை; வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம். இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பதினெட்டு வயதில் முதல்முறையாக வீட்டைப் பிரிந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் மற்ற ஆறு நாட்களையும் தாங்கும் பலமாக இருக்கக்கூடும்.

மற்ற நாட்கள்

வழக்கமான கால அட்டவணை காலை 6.30க்குத் தொடங்குகிறது. பிரார்த்தனை, உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு வேத வாசிப்பு, துணையுடன் சேர்ந்து படித்தல், மொழிப் பயிற்சி. முற்பகலில் வெளியே கிளம்பி, இரவு 9 மணி அளவில் வீடு திரும்பி, 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017க்குப் பின் இதில் ஓரளவு நெகிழ்வு வந்துள்ளது. அந்தந்த நாட்டின் பழக்கத்துக்கு ஏற்ப நேரங்களை மாற்றிக்கொள்ளலாம்.

துணை என்பது இங்கே தனிப்பொருள் கொண்ட சொல். ஒவ்வொரு மிஷனரிக்கும் அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் துணையாக நியமிக்கப்படுகிறார். இருவரும் எப்போதும் ஒருவரையொருவர் பார்க்கும், கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும். குளியலறையைத் தவிர வேறெங்கும் தனிமை கிடையாது. துணை யார் என்பதையும் மிஷன் தலைவரே முடிவு செய்கிறார். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். அதில் ஊரோ துணையோ மாறலாம், மாறாமலும் போகலாம். முதல் பெயரால் அழைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. ஜப்பானில் ஆண்கள் குடும்பப் பெயருடன் 'சோரோ' (மூப்பர்) என்றும், பெண்கள் 'ஷிமாய்' (சகோதரி) என்றும் அழைக்கப்படுகின்றனர். பிடிக்காத ஒருவருடன் ஆறு வாரம் ஒரே அறையில் வாழக் கற்றுக்கொள்வதுதான் ஊழியத்தின் மிகக் கடினமான பகுதி என்று திரும்பி வந்தவர்கள் பலர் சொல்வதுண்டு.

பகல் முழுவதும் மிதிவண்டியில் அலைச்சல். ஏற்கெனவே பேச ஒப்புக்கொண்டவர்களைச் சந்திப்பது, ஆலயத்துக்கு வராமல் நின்றுவிட்ட உறுப்பினர்களைப் பார்ப்பது, தெருவில் முகம் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பது ஆகியவை அன்றாட வேலைகள். ஜப்பானில் இலவச ஆங்கில வகுப்பும் இவர்கள் நடத்துகின்றனர். சமயப் பேச்சை விட அதற்கு ஆள் சேர்ப்பது எளிது. வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்தினால் பெரும்பாலும் கதவு திறக்காது. ஒலிபெருக்கி வழியாக 'கெக்கோ தெஸ்' என்று ஒரு குரல் மட்டும் வரும். 'வேண்டாம்' என்பதை மரியாதையாகச் சொல்லும் தொடர் அது. புதிதாக வந்த மிஷனரி காது பழகும் முதல் ஜப்பானியச் சொற்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். 1995இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடத்திய பின், அறிமுகமில்லாத சமயப் பிரசாரகர்கள் மீதான ஐயம் அங்கே மேலும் கூடியது.

விருந்தோம்பலிலும் ஒரு சிக்கல் உண்டு. இச்சபையினர் மது, புகையிலை, காபி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்ப்பவர்கள். பச்சைத் தேநீரும் இதில் அடங்கும் என்று 2019இல் சபை தெளிவுபடுத்தியது. வந்தவருக்குப் பச்சைத் தேநீர் தருவது மரபாக இருக்கும் நாட்டில், வீட்டுக்குள் அழைக்கும் அபூர்வமான ஒருவரின் கோப்பையையும் மறுக்க நேர்கிறது. வறுத்த பார்லியில் செய்யும் 'முகிச்சா'வில் தேயிலை இல்லை என்பதால் அதைக் குடிக்கலாம்.

பலன் குறைந்த களம்

இந்த மறுப்பு இன்று நேற்று தொடங்கியதல்ல. 1901 ஆகஸ்டில் ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் நால்வர் யோகோஹாமா துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களில் இளையவரான ஆல்மா ஓ. டெய்லருக்கு அப்போது 19 வயது. அவர் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே தங்கி, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1909இல் வெளிவந்தது. இருந்தும் 1924இல் மிஷன் மூடப்பட்டபோது, 23 ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 200 பேருக்கும் குறைவு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1948இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆள் சேர்க்கும் கருவியாக மட்டும் இந்தக் கால அட்டவணையைப் பார்த்தால் அது விளங்காது. ஒருவர்கூடக் கதவைத் திறக்காத வாரத்திலும் அது அப்படியே நிறைவேறுகிறது: எழுந்தாயிற்று, படித்தாயிற்று, அலைந்தாயிற்று, திட்டமிட்டாயிற்று. அது முதலில் மாற்றுவது அந்த மிஷனரியைத்தான். தன் வாழ்நாள் உறுப்பினரைச் சபை உருவாக்கிக்கொள்ளும் இடம் இதுவே. இளம் வயதினரின் நேரம், உறவு, உடை, கைப்பேசி அனைத்தையும் இப்படிக் கட்டுப்படுத்துவது சரியா என்று விமர்சகர்கள் கேட்பதும் இங்கேதான்.

ஞாயிறு

ஞாயிறு வழிபாடு இரண்டு மணி நேரம். அப்பமும் தண்ணீரும் பகிரப்படுகின்றன. திராட்சை ரசம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்த உணவின் விலையை ஏழைகளுக்கான நிதியில் சேர்ப்பது வழக்கம். சிறிய ஊர்ச் சபைகளில் மிஷனரிகளே பியானோ வாசிப்பார்கள், மேடையில் பேசுவார்கள். அரைகுறை ஜப்பானியத்தில் பேசும் அந்த இளைஞரைச் சபையின் முதிய பெண்கள் பேரன்போல நடத்துவதும் உண்டு. வாரம் முழுவதும் மறுப்பையே கேட்டவருக்கு அது பெரிய ஆறுதல்.

எல்லோராலும் முழுக்காலத்தையும் நிறைவு செய்ய முடிவதில்லை. மனச்சோர்வு, பதற்றம், உடல்நலக் குறைவு, நம்பிக்கையில் ஐயம் எனப் பல காரணங்களால் சிலர் முன்கூட்டியே திரும்புகின்றனர். மிஷனரிகளுக்கு மனநல ஆலோசனை ஏற்பாடுகள் உள்ளன. வெளியூர் செல்ல இயலாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவைப் பணி செய்யும் வழியும் உண்டு. ஆனாலும் 'ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய்?' என்ற ஊராரின் கேள்வி அவர்களை நெடுநாள் உறுத்துகிறது.

நிறைவு செய்தவர் ஊர் திரும்பியதும் தம் பகுதியின் சபைத் தலைவரைச் சந்திக்கிறார். அவர் முறைப்படி விடுவித்த பிறகே பெயர்ப்பட்டையைக் கழற்றலாம். அன்றிரவு முதல் துணை இல்லாமல் தனியே உறங்கலாம்.