கம்பியில்லாக் கருவிகளின் பூசல்



2020-ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், என் பேத்தி வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கணினி வழியே பாடம் கேட்டு வந்தாள். “பாடம் நடுவில் நின்றுவிட்டது, தாத்தா” என்று அடிக்கடி முறையிடுவாள். கணக்குக்கு அஞ்சிச் சாக்குச் சொல்லுகிறாள் என்று கருதிப் பன்முறை கடிந்துகொண்டேன். ஒருநாள் அவள் ஒரு தாளை என்முன் வைத்தாள். பாடம் நின்ற நேரங்கள் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவை யாவும் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரங்கள்!

அது என் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கம்பியில்லாத் தொலைபேசி. மேசைமீதுள்ள அதன் பெட்டிக்கும் நம் கையிலுள்ள கருவிக்கும் இடையே பேச்சைச் சுமந்து செல்வது வானொலி அலையாகும். இணையத்தைக் கணினிக்குக் கொண்டு சேர்க்கும் வைஃபைப் பெட்டியும் அத்தகைய அலையையே அனுப்புகிறது. எங்கள் வீட்டில் இவ்விரண்டும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரே பகுதியில் இயங்கின.

ஒரே பகுதியில் இத்தனை நெரிசல் ஏன்? 1947-இல் அட்லாண்டிக் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, 2450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பும் இங்குதான் இயங்குகிறது. 1985-இல் அமெரிக்காவும், 2005-இல் இந்தியாவும், குறைந்த ஆற்றலுள்ள செய்திக் கருவிகள் இப்பகுதியில் உரிமமின்றி இயங்க இசைந்தன. ஆகவே இஃது ஊர் மந்தைவெளியைப் போன்றது. எவரும் புகலாம், எவரும் தமக்கே உரியதென்று சொல்ல இயலாது.

வைஃபைக்கு ஒரு நற்பண்பு உண்டு. அது பேசுமுன் கேட்கும். வேறு ஒலி இருப்பின் காத்திருக்கும். அனுப்பிய செய்தி சேரவில்லையெனில் மீண்டும் அனுப்பும். தொலைபேசியோ எவருக்காகவும் காத்திராது. எனவே பேச்சு நீள நீள, வைஃபை காத்தும் திருப்பி அனுப்பியும் சோர்கிறது. திரையில் ஆசிரியர் அசையாது நிற்கிறார்.

இதற்குப் பரிகாரம் தேடினோம். வைஃபையில் ஒன்றோடொன்று கலவாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்று. ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினோம், பயனில்லை. ஒரே இடத்தில் நிற்கும் தொலைபேசியாயின் இம்முறை பலித்திருக்கும். எங்களுடையதோ நொடிதோறும் பலமுறை இடம் தாவும் வகை. அடுத்து, வைஃபைப் பெட்டியருகே இருந்த தொலைபேசிப் பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுசென்றோம். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். தடை பெரிதும் தணிந்தது. இறுதியில் கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றினோம். தொல்லை அறவே நீங்கியது. அவ்வலை சுவர்களைக் கடப்பதில் சற்று மெலிந்ததாயினும் ஒரே கூடத்துக்குப் போதுமானது. ஐரோப்பாவில் வழங்கும் டெக்ட் வகைத் தொலைபேசிகள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அவற்றோடு வைஃபைக்கு இப்பூசல் எழுவதில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இணைப்பு அறுந்தால், முதலில் நேரத்தைக் குறியுங்கள். அவ்வேளையில் எக்கருவி இயங்கியது என்று பாருங்கள். பின்னர் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பலித்தது என்று அறிய முடியாது. இம்முறையை வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்தவன் நான். என் வீட்டில் அதைக் கையாண்டவள் பேத்தி. அன்று மாலையே அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.