மகள் கொடுத்த கணக்கு

கொல்கத்தாவில் நம்மவர் வீட்டு விசேஷங்களில் தவறாமல் வரும் கேள்வி, "பொண்ணு என்ன பண்றா?" என்பது. ஐந்து வருஷமாக நான் "பெங்களூரில் ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவேன். என்ன ஆராய்ச்சி என்று எனக்கே தெரியாது என்பதுதான் காரணம். எம்.எஸ்ஸி. முடித்ததும் கைக்கு வந்த கம்பெனி வேலையை அவள் வேண்டாம் என்றபோது, "வாயுவைக் குளிர வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கத்தியவன் நான். "நான் குளிரக்கூட வைக்கலைப்பா, கணக்குதான் போடறேன்" என்றாள். கோபம் இன்னும் ஏறியது. ஆறு மாதம் அவள் போன் வந்தால் மனைவியிடம் நீட்டிவிடுவதோடு சரி.

சென்ற கோடையில் வந்திருந்தாள். ஒரு நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போயிற்று. நானே கேட்டேன், "அது என்னதாம்மா?"

கதை இந்த ஊர்க்காரரிடம்தான் தொடங்குகிறது. 1894ல் கல்கத்தாவில் பிறந்த சத்யேந்திர நாத் போஸ், டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒளித் துகள்களை எண்ணும் புது முறையொன்றை எழுதி 1924ல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே முறையை அணுக்களுக்கும் பொருத்திப் பார்த்தார். போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் தனி அடையாளம் இழந்து ஒரே நிலையில் போய்ச் சேரும் என்று விடை வந்தது. அதைக் கண்ணால் காண 1995 ஆகிவிட்டது. அமெரிக்காவில் போல்டர் நகரில் கார்னெல், வீமன் இருவரும் ருபீடிய வாயுவில் செய்து காட்டினார்கள். அங்கே இருந்த வெப்பம், தனிப் பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு.

இந்த வாயுவின் மேல் குறுக்கும் நெடுக்குமாக லேசர் ஒளியைப் பாய்ச்சினால், முட்டைத் தட்டு மாதிரி குழிகள் உண்டாகும். குழிக்கு ஓர் அணு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குழிக்குத் தாவும் ஆசை ஒரு புறம். ஒரே குழியில் இருவர் இருந்தால் வரும் நெருக்கடி மறு புறம். சென்னை மெயிலின் ஸ்லீப்பர் பெட்டியை நினைத்துக்கொண்டேன். நெருக்கடிக்கு யாரும் அஞ்சாவிட்டால், யார் எந்த பெர்த்தில் என்றே சொல்ல முடியாது. அணு உலகில் அது தடையின்றி ஓடும் திரவ நிலை. நெருக்கடி மிஞ்சினால் ஆளுக்கொரு பெர்த்; ஒருவரும் அசைவதில்லை. தண்ணீர் பனிக்கட்டி ஆவதுபோல இதுவும் ஒரு நிலைமாற்றம். ஆனால் குளிரைக் கூட்டிக் குறைத்து அல்ல, லேசரின் பலத்தைக் கூட்டியே இதை வரவழைக்கலாம். 2002ல் ம்யூனிக்கில் அப்படித்தான் செய்தார்கள்.

எந்த இடத்தில் மாறும் என்று கணக்கிடுவதுதான் சிரமம். லட்சம் அணு, ஒவ்வொன்றும் அண்டை அயலைப் பொறுத்தது. அதற்கு ஒரு வழி, பக்கத்துக் குழிகளை மறந்துவிட்டு, அவற்றுக்குப் பதில் ஒரு சராசரியை ஊகமாக வைத்து, ஒரே ஒரு குழிக்குக் கணக்குப் போடுவது. விடையாக ஒரு புதுச் சராசரி வரும். அதைத் திரும்ப உள்ளே போட வேண்டும். போட்டதும் வந்ததும் ஒன்றாகும்வரை விடக்கூடாது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் இருந்தவன். டிப்ளமாவில் தொடர் உத்தரத்துக்குப் படித்த ஹார்டி கிராஸ் முறை இதன் தாயாதியல்லவா? மூட்டுகளையெல்லாம் பூட்டி, ஒவ்வொன்றாக அவிழ்த்து, மிச்சத்தைப் பக்கத்துக்குத் தள்ளி, திருத்தம் அற்பமாகும்வரை சுற்றிச் சுற்றிப் போடுவோம். "கொண்டா பேப்பரை" என்றேன்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் கால்குலேட்டருடன் உட்கார்ந்தோம். நெருக்கடிக்கும் தாவலுக்கும் உள்ள விகிதம் 20 என்றால் சராசரி ஒரு எண்ணில் வந்து நின்றது. ஓடும் நிலை. 50 என்றால், எங்கே தொடங்கினாலும் குறைந்துகொண்டே போய், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கிப் பூஜ்யத்தை நோக்கி ஓடியது. பூட்டிய நிலை. எல்லை 35 என்று வந்தபோது மணி பதினொன்று. சாப்பாடு ஆறிப்போனது பற்றி மனைவி சொன்னதை எழுதுவதற்கில்லை.

"சரியாப்பா, ஆனா உண்மையான விடை 29" என்றாள். சராசரி என்பது பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று கவனித்து நடப்பதை மறைத்துவிடுகிறதாம். அந்த 29ஐக் கம்ப்யூட்டரில் மான்டி கார்லோ முறையில் 2007ல் துல்லியமாகக் கண்டார்கள். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்று காட்டுவது இந்த எளிய முறைதான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சேஷாத்ரி, கிருஷ்ணமூர்த்தி, பண்டிட், சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வர் 1993லேயே இதைச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் குளிர்ந்த வாயு அப்போது உலகில் எவர் கையிலும் இல்லை!

குழிகள் ஒரே வரிசையில் இருந்தால் சராசரி முறை 12 என்கிறது; உண்மையோ நாலுக்கும் குறைவு. மூன்று திசையில் கொஞ்சம் பிசகும் முறை, ஒரு திசையில் ஏன் இப்படிக் காலை வாருகிறது? பூஜை விடுமுறைக்கு வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறாள். பழைய டைரி ஒன்றில் பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இப்போது போன் மணி அடித்தால் நானே எடுக்கிறேன்.