முள் தாங்கிய அளவு

1969 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘லெட் செப்லின் 2’ தட்டின் முதல் பிரதிகளில், பாட்டு முடிந்தபின் முள் ஓடி நிற்கும் வழவழப்பான உள்வட்டத்தில் ‘ஆர்.எல்.’ என்ற எழுத்துகள் கையால் கீறப்பட்டிருக்கும். நியூயார்க்கில் அந்தத் தட்டை வெட்டிய இளம் பொறியாளர் ராபர்ட் லுட்விக் இட்ட அடையாளம் அது. ஒலிநாடாவில் இருந்ததை, பேஸின் முழு வலுவோடு, அவர் தட்டில் இறக்கியிருந்தார். தட்டை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவருடைய மகளிடம் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. அவளுடைய மலிவான பிளேயரில் முள் ஓரிடத்தில் நில்லாமல் துள்ளியது. நிறுவனம் பதறிப்போய், ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டச் செய்தது. லுட்விக் பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது. அமெரிக்காவில் பெரும்பாலோர் கேட்டது அடக்கி வெட்டிய அந்த மறுபதிப்பைத்தான். ‘ஆர்.எல்.’ பிரதிக்கு இன்று சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்.

அன்று ஒரு ராக் ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில், இப்படி வீட்டுக் கூடத்தில் இருந்த சாதாரண முள்ளுக்கும் ஒரு பங்கு இருந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய 12 அங்குல எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஓடும். உள்ளே வர வர அது குறைந்து, கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதுவதால் அங்கே சிம்பல்கள் மங்கும், பாடகரின் ‘ஸ்’ பிசிறடிக்கும். பேஸ் கூடினால் பள்ளம் அகலும். பள்ளம் அகன்றால் ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும். எனவே வெட்டும்போதே கீழ் ஒலியைத் தணித்து மேல் ஒலியை ஏற்றி வைத்தார்கள். வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்தது. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் என்பது வசதியான கணக்கு. அதைத் தாண்டினால் ஒலி மெலியும், இரைச்சல் முன்னே வரும். ஆரவாரமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் மெல்லியதை முடிவிலும் வைப்பது பலருடைய வழக்கமாக இருந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடத்தில்தான் பீட்டில்ஸ் தங்கள் மிகத் துணிச்சலான ஒலியை வைத்தார்கள். 1967-இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, பல கைகள் ஒரே நேரத்தில் பியானோக்களில் அடித்த ஒற்றைக் கார்டில், அதாவது பல சுரங்களின் கூட்டொலியில், முடிகிறது. நாற்பது நொடிக்கு மேல் அது தேய்ந்துகொண்டே போகிறது. தேயத் தேயப் பொறியாளர்கள் ஒலிப்பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். எல்.பி.யில் அந்தத் தேய்மானம் விழுந்ததோ உள் விளிம்பில். நாலைந்து மாதம் ஓட்டிய தட்டில் அதன் கடைசிப் பகுதி பொரிச்சலுக்குள் மூழ்கிவிடும். இன்றைய டிஜிட்டல் பதிப்பில் அதே இடத்தில் ஸ்டூடியோவின் ஒலி கேட்கிறது, ஒரு நாற்காலி கிறீச்சிடுவது கூடக் கேட்கிறது. இது ஐயமில்லாத லாபம்.

அதே ஆல்பத்தில் நட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் வந்த முதல் தட்டுகளில், கார்டு அடங்கிய பிறகு நாய்களுக்குக் கேட்கும் அளவுக்கு உயர்ந்த ஒரு சுருதியும், அதன்பின் முள் சுற்றிச்சுற்றி வரும் கடைசி வட்டத்தில் சில நொடி உளறலும் பதிந்திருந்தன. கையால் முள்ளைத் தூக்கும் பிளேயரில், யாராவது எழுந்துபோய் எடுக்கும்வரை அந்த உளறல் நிற்காது. 1987-இல் வந்த சி.டி.யில் அது சில சுற்றுக் கேட்டுத் தானாகத் தேய்ந்து போகிறது. குறும்பு அங்கேயே இருக்கிறது. ஆனால் கேட்பவரை நாற்காலியிலிருந்து எழுப்பும் வேலை அதற்கு இல்லாமல் போய்விட்டது.

இடையில் ஒரு செய்தி. பிரிட்டனில் இப்படி எல்.பி.யைக் கொண்டு விளையாடிக்கொண்டிருந்த பத்தாண்டிலேயே, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்கள் அரக்குத் தட்டாக, 78 சுற்று வேகத்தில் அச்சாகி வந்தன. நம் நாட்டில் பழைய கிராமபோன்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால் வந்தது அது. ஒலித்தரத்தில் எல்லாவற்றிலும் கீழானது. இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான்.

1973-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ 43 நிமிடம். சொற்களில்லாத ஒரு பெண் குரலின் ஓலம் அடங்கி முதல் பக்கம் முடியும். தட்டைத் திருப்பினால் நாணயங்களும் கல்லாப்பெட்டியும் கலகலக்கும். சாவைப் பற்றிய பாட்டுக்கும் பணத்தைப் பற்றிய பாட்டுக்கும் நடுவே ஓர் அரை நிமிட இடைவெளியைத் தட்டின் அமைப்பே வைத்துக் கொடுத்தது. சி.டி.யில் அந்த இடைவெளி இல்லை. முதலில் எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஓலம் மனத்தில் இறங்குவதற்குள் காசு வந்து விழுந்துவிடுவது தெரியும். மறுபுறம், ஆல்பத்தின் தொடக்கத்தில் சன்னமாக எழும் இதயத் துடிப்பு தட்டில் எப்போதும் இரைச்சலுக்குள்ளிருந்தே பிறந்தது. சி.டி.யில்தான் அது முதல்முறையாக மௌனத்திலிருந்து பிறந்தது.

சி.டி. 1982 அக்டோபரில் ஜப்பானில் கடைக்கு வந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே எல்.பி. நல்ல நிலையில் 60, 70 டெசிபல் தரும். சி.டி. 96 தந்தது. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே தரம், நூறாவது முறையும் முதல் முறை போலவே. 1985-இல் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பத்தை டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் டிஜிட்டலிலேயே பதிவுசெய்தார்கள். பத்து லட்சம் சி.டி. விற்ற முதல் ஆல்பம் அதுதான். சி.டி.யில் 55 நிமிடம் ஓடும் அதை எல்.பி.க்காகச் சில பாட்டுகளைக் குறுக்கி 47 நிமிடத்தில் அடைத்தார்கள்.

இத்தனை வசதி வந்தும் பழைய ஆல்பங்களின் முதல் சி.டி.க்கள் பலருக்குப் பிடிக்கவில்லை, ‘உயிரில்லை’ என்றார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. அவசரத்தில் பல நிறுவனங்கள் மூல நாடாவைத் தேடிப் போகாமல், எல்.பி. வெட்டுவதற்காகவே ஒலியைத் திருத்தி வைத்திருந்த நகல் நாடாவைச் சி.டி.க்கு அனுப்பின. தட்டின் குறையை ஈடுகட்டச் செய்த திருத்தம், குறையில்லாத இடத்தில் உறுத்தலாகக் கேட்டது. பழி எண்கள்மேல் விழுந்தது.

உண்மையான இழப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. தட்டில் ஒலியை அளவு மீறி ஏற்றினால் முள் துள்ளும். சி.டி.யில் துள்ள ஒன்றுமில்லை. உச்சத்துக்கு ஒரு கூரை உண்டே தவிர, எல்லா ஒலியையும் அந்தக் கூரையை ஒட்டியே நிறுத்தி வைப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் கணினிக் கருவிகள் வந்ததும் அதையே செய்தார்கள். பக்கத்து ஆல்பத்தைவிடத் தன் ஆல்பம் உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டி. டிரம்மின் அடி உயர எழும்ப இடமில்லாமல் மற்ற ஒலிகளோடு ஒன்றாகத் தட்டையானது. 1973-இல் டேவிட் போவி கலவை செய்த ‘ரா பவர்’ ஆல்பத்தை 1997-இல் அதைப் பாடிய இகி பாப் தாமே மறுகலவை செய்தபோது, அது அதுவரை வந்த மிக உரத்த சி.டி.க்களில் ஒன்றாயிற்று. 2008 செப்டம்பரில் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததைக் கேட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆல்பத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து கன்ஸ் அன்ட் ரோஸஸின் ‘சைனீஸ் டெமாக்ரசி’ வந்தது. இறுதி ஒலியைச் சீரமைக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்தவர் அதே லுட்விக். வெவ்வேறு அளவு அழுத்தத்தில் மூன்று வடிவங்களைச் செய்து கொடுத்தார். குழுவினர் எடுத்துக்கொண்டது நசுக்காமல் விட்டதை. அவருக்கு அதில் மகிழ்ச்சி. இளமையில் அளவு மீறி உரக்க வெட்டியதாகத் தட்டு மாற்றப்பட்ட மனிதர், நாற்பதாண்டு கழித்து அடக்கத்துக்கு வாதாடுபவராக நின்றார். அவர் மாறவில்லை என்றே நினைக்கிறேன். டிரம் அடி எழ வேண்டிய உயரத்துக்கு எழட்டும் என்பதே இரண்டு முறையும் அவர் விரும்பியது. முதலில் அதைத் தடுத்தது முள், பிறகு தடுத்தது போட்டி.

விற்பனைக் கணக்குகள் வேறொரு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 1977-இல் விற்ற எல்.பி.க்கள் 34 கோடிக்கு மேல். 2006-இல் பத்து லட்சத்துக்கும் கீழே. சி.டி. 2000-இல் 94 கோடியைத் தொட்டது. 2022-இல் எல்.பி. 4.1 கோடி, சி.டி. 3.3 கோடி. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை முந்தியது அந்த ஆண்டில்தான்.

ஆனால் திரும்பி வந்தது பழைய தட்டு இல்லை. 2012-இல் வந்த பீட்டில்ஸின் ஸ்டீரியோ எல்.பி.க்கள் 2009-இல் செய்த டிஜிட்டல் கோப்புகளிலிருந்து வெட்டப்பட்டவை. 2014-இன் மோனோ தட்டுகளுக்குத்தான் நாடாவிலிருந்து நேராக வெட்டினார்கள். 2022-இல் இன்னும் சங்கடமான ஒன்று வெளிப்பட்டது. சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பல ஆண்டுகளாகத் தன் விலை உயர்ந்த தட்டுகள் பலவற்றை நாடாவிலிருந்து எடுத்த டிஜிட்டல் நகலிலிருந்தே வெட்டி வந்தது. வழக்கு நடந்தது, சமரசமும் ஆனது. டிஜிட்டல் வாடையே ஆகாது என்றவர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு அனலாக்கின் இளஞ்சூட்டைப் புகழ்ந்திருந்தார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தத் தட்டுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன, அக்கறையுள்ள பொறியாளர்கள் நல்ல நாடாவிலிருந்து செய்தவை. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி ஒலிப்பொறியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். உயர்தர டிஜிட்டல் ஒலியையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, எது எது என்று 554 முறை சொல்லச் சொன்னார்கள். சரியாகச் சொன்னது 276 முறை. நாணயத்தைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

இன்று ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஒரே சராசரி ஒலிக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புகின்றன. உரக்கச் செய்த ஆல்பத்தைச் செயலி தானே தணித்துவிடுவதால் நசுக்கிச் செய்ததற்குப் பலன் இல்லை. முள் ஒரு காலத்தில் விதித்த கட்டுப்பாட்டை இப்படி ஒரு கணக்கு மீண்டும் விதித்திருக்கிறது. ஆனால் நசுக்கிய பதிப்பைத் தணித்தால் நசுங்கல் போய்விடாது. எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் தேர்வுகள் பக்கம் மாறி மாறி விழுகின்றன. ‘சார்ஜன்ட் பெப்பர்’ என்றால் மோனோ. பீட்டில்ஸ் உடனிருந்து வாரக்கணக்கில் பார்த்துச் செய்த கலவை அதுதான், ஸ்டீரியோவைச் சில நாளில் மற்றவர்கள் முடித்தார்கள். ‘ரா பவர்’ என்றால் 2010-இல் மறுபடி வந்த போவியின் கலவை. பிங்க் ஃபிளாய்டைத் தட்டில் கேட்பேன், அந்த அரை நிமிடத்துக்காக. ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பிறந்ததே எண்களில் என்பதால் அதற்குச் சி.டி. போதும். கடையில் அது இப்போது குறுக்காத 55 நிமிடத்தோடு இரண்டு எல்.பி.க்களாகவும் கிடைக்கிறது, சி.டி.யைப் போல் சில மடங்கு விலையில். முழுக்கக் கேட்க மூன்று முறை எழுந்து போக வேண்டும்.