போல்ட்டுக்குக் காதுகுத்து

இன்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. டிரில் பிட்டை வைத்தால் வழுக்குகிறது, அழுத்தினால் பட்டென்று ஒடிகிறது. நான்காவது பிட் ஒடிந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "நாப்பது வருசத்துல எந்த வண்டிக்கும் நான் காது குத்துனதில்ல தம்பி. அப்படியே மொட்டையும் போட்டுரலாமா?"

மொட்டை ஏற்கெனவே போட்டாயிற்று. ரியர்வியூ கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், புடவை கார்டு, சைடு ஸ்டாண்டு எல்லாம் கழன்று ஓர் அரிசிச் சாக்குக்குள் கிடந்தன. எஞ்சியிருந்தது 2012-ஆம் ஆண்டு யமஹா ஆர்15, இரண்டாம் பதிப்பு. 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் டிராக் டே அன்று ஓட்டுவதற்கு மட்டும். டிராக் டே என்பது பந்தயம் இல்லை. கோப்பையும் கிடையாது. பணம் கட்டினால், அனுபவத்துக்குத் தக்கபடி குழு பிரித்து, சுற்று சுற்றாக ஓட விடுவார்கள். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே பாயாது.

அண்ணனுக்கு இது புரியவில்லை. "ஜெயிக்கிறதுக்கு இல்லேன்னா எதுக்கு ஓட்டுற?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

அவர் தொழில் பழகிய காலம் அப்படி. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டுப் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திவந்தது. 1988 என்று நினைவு, என் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டினார். எனக்கு மிஞ்சியிருப்பது வெயிலும் வாசனையும்தான். டூ-ஸ்ட்ரோக் புகையோடு ஆமணக்கெண்ணெய் எரிகிற ஒரு தித்திப்பு நெடி. பந்தயத்துக்கென்று விற்ற ஆயிலில் ஆமணக்கு இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாளில் பந்தய வண்டி என்று தனியாக ஒன்று பலரிடம் இல்லை. 1985 கடைசியில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் நூறு கிலோ. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்குப் போகிற அதே வண்டி ஞாயிறன்று சோழவரத்துக்குப் போகும். அங்கே ஹெட்லைட்டைக் கழற்றி மரத்தடியில் வைப்பார்கள், சைலன்சரை மாற்றுவார்கள், ஓட்டுவார்கள். விழாமல் இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு அதிலேயே வீடு வந்து சேர்வார்கள்.

காசும் உழைப்பும் மொத்தமாக இன்ஜினுக்குள் போயின. அண்ணன் அதைச் சொல்லும்போது கை தானாக அசையும். சிலிண்டரை மடியில் வைத்து, உருண்டை அரத்தால் எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல்பக்கமாக ராவ வேண்டும். கூடுதலாக ஒரு மயிரிழை ராவினாலும் கீழ் வேகத்தில் இழுவை செத்துவிடும். பிறகு உப்புத்தாள். ஹெட்டை லேத்தில் கொடுத்து அரை மில்லிமீட்டர் சீவி எடுப்பது. தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டி வெல்டு வைத்து, நடுவில் வயிறு தள்ளிய சைலன்சர் ஒன்று செய்வது. புகை வெளியே போகிற வேகத்தில் ஓர் அலை திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த வயிறு அதற்குத்தான். அண்ணனுக்கு அலை, அழுத்தம் என்றெல்லாம் தெரியாது. "வயிறு சரியா வந்தா வண்டி கத்துறதே வேற" என்பார்.

பிறகு ப்ளக் பார்க்கிற வித்தை. முழு வேகத்தில் ஓட்டிவந்து, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். சூட்டோடு ப்ளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். காப்பித்தூள் நிறம் என்றால் சரி. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அடுத்த சுற்றில் பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மெயின் ஜெட்டை மாற்று என்பார். ஒரு நிறத்தை வைத்து ஒரு மனிதனின் கழுத்தெலும்பைக் காப்பாற்றிய ஆள் அவர்.

பிரேக்? முன்னும் பின்னும் டிரம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. டயர் கடையில் கிடைத்ததுதான். நான்கு பேருக்கு ஒரு லெதர் ஜாக்கெட், யார் ஓட்டுகிறாரோ அவர் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் ஓரமாக நின்று, அது கிழியாமல் திரும்ப வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள்.

1990-ஐ ஒட்டிப் பந்தயம் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு நகர்ந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், 3.7 கிலோமீட்டர் நீளத்தில் பந்தயத்துக்கென்றே கட்டிய தளம். இப்போது அதற்குப் பெயரையே மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட் என்று மாற்றிவிட்டார்கள். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. அன்று கை கூசாமல் வெட்டி ராவிய வண்டிக்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அதைப் போய் டிராக்கில் தரையில் தேய்ப்பது நகையைப் போட்டுக்கொண்டு நாற்று நடுவது மாதிரி.

ஆர்எக்ஸ் 100-இன் இடத்துக்கு வந்திருப்பது ஆர்15, சிபிஆர் 250, முதல் நிஞ்ஜா 250 போன்ற, யாரும் இன்னும் ஆசைப்படாத வயதில் இருக்கிற வண்டிகள். ஆர்15-ல் 150 சிசி, 17 குதிரைத்திறன், தண்ணீர் குளிர்விப்பு, இரண்டு பக்கமும் டிஸ்க். யமஹா இதற்கென்றே தனிப் பந்தயம் நடத்தியிருக்கிறது. அதனால் நான் இன்ஜினைத் தொட வேண்டாம் என்றேன். அண்ணன் முகம் வாடிவிட்டது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவாறு சமாதானம் செய்தேன்.

காசு போன இடங்கள் வேறு. வாங்கியபோது டயரில் பூ அப்படியே இருந்தது, பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 1814. அதாவது 2014-ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம். நகத்தால் அழுத்தினால் கட்டை மாதிரி. தூக்கிப் போட்டுவிட்டு மென்மையான ரப்பரில் ஒரு ஜோடி, 11,500 ரூபாய். பிரேக் ஆயில் கடை டீயின் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி, லீவரைப் பிடித்தால் பஞ்சை அழுத்துகிற மாதிரி உள்ளே போகும். நேர்ப்பாதையின் கடைசியில், வளைவுக்கு முன்னால், அந்தப் பஞ்சைச் சந்திக்க நான் தயாராக இல்லை. புது ஆயில், புது பேடு, ஸ்டீல் பின்னிய குழாய். கோன் செட் மாற்றினோம், ஃபோர்க் ஆயில் சற்றுக் கனமாக ஊற்றினோம். சத்தம் போடும் சைலன்சரை முதலில் வாங்குகிற பையன்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது.

இந்தக் காதுகுத்து எதற்கென்றால், அடுத்தவனுக்காக. துளையில் கம்பியைக் கோத்து, முறுக்கி, போல்ட் இறுகும் திசையில் இழுத்துக் கட்டிவிட்டால் அது அதிர்ந்து கழன்று விழாது, ஆயில் தரையில் கொட்டாது, பின்னால் வருகிறவன் வழுக்கி விழமாட்டான். கூலண்டை வடித்துவிட்டு பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை நிரப்புவதும் அதற்குத்தான். கூலண்ட் சிந்தினால் சோப்பு நுரை மாதிரி, எளிதில் கழுவிப் போகாது. குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீர் உறைந்துவிடுமே என்று பயப்படலாம், நமக்கு அந்தக் கவலை இல்லை. எல்லா டிராக் டேயிலும் கம்பி கட்டச் சொல்லிக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் கட்டுவேன்.

வண்டியை விட அதிகம் விழுங்கியது என் உடம்புதான். லெதர் சூட் 32,000, பூட்ஸும் கையுறையும் 17,000, ஹெல்மெட் 14,000. மொத்தம் கேட்டதும் அண்ணன், "வண்டியை விட உன் சட்டை விலை ஜாஸ்தியா?" என்றார். பழைய ஜாக்கெட்டின் கதையைச் சொன்னதும் அவர்தான், அதனால் நான் பதில் சொல்லவில்லை.

ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. விளக்கும் நம்பர் பிளேட்டும் இல்லாத, மாற்றியமைத்த வண்டி ரோட்டுக்கு ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு மாற்றத்தையே தடுக்கிறது. ஒரு டாடா ஏஸை வாடகைக்குப் பிடித்து, கயிறு கட்டி, விடியற்காலையில் கிளம்பினோம். அண்ணன் முன்சீட்டில். சோழவரத்துக்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத் தளத்துக்கும் வந்ததில்லை.

முதல் செஷன் முடிந்து உள்ளே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. அண்ணன் பழக்க தோஷத்தில் இன்ஜின் பக்கம் குனிந்தார். ப்ளக் இருக்கிற இடம் ஃபேரிங்குக்குள் மறைந்திருந்தது. ஒரு நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், பின்சக்கரத்தருகே உட்கார்ந்து டயரில் உள்ளங்கையை வைத்தார். சுட்டதும் எடுத்தார், மறுபடி வைத்தார். ரப்பர் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ப்ளக் முனையைப் பார்ப்பாரே, அதே கண்.

"காத்து ரெண்டு பாயிண்ட் எறக்கு" என்றார்.

பிறகு டயரின் ஓரத்தைக் காட்டினார். இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் இன்னும் தரையையே தொடவில்லை. புது டயரின் முளைமுடிகள் அங்கே அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதுக்கும் சேத்துத்தானே தம்பி காசு குடுத்த?"

அடுத்த செஷனுக்கு விசில் அடித்தது. அவர் டாடா ஏஸிலிருந்து பிரஷர் கேஜை எடுக்கப் போனார்.