நீர் வந்த வழியே

நாஞ்சில் நாட்டுக் கடைமடை உழவருள் பலர், தம் வயலை நனைக்கும் நீர் புறப்படும் இடத்தைக் கண்டதில்லை. நாம் அறிந்த தோவாளைத் தம்பதியர், பணி ஓய்வுபெற்றோர், அண்மையில் ஒருநாள் வைகறையில் ஸ்கூட்டரில் ஏறி, நீர் வரும் திசை நோக்கிச் சென்றனர். 1906-இல் கோதையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையைக் கண்டனர். திரும்புகையில், பறளியாற்றுக்கு மேலே 28 தூண்கள் 115 அடி உயரத்தில் தாங்கி நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தனர். 1966-இல் எழுந்த அப்பாலம், ஒரு குன்றின் நீரை மறு குன்றுக்குக் கொண்டு சேர்க்கிறது.

மாலையில் அவர்கள் சங்கத்தில் தந்தது பயணக் கதையன்று. வழியில் அம்மையார் குறித்துவந்த பட்டியல். கால்வாய் தூர்ந்த இடங்களும் ஆகாயத்தாமரை அடைத்த மதகுகளும் அதில் இருந்தன. கன்னிப்பூவுக்கு நீர் திறக்குமுன் அவற்றைச் செப்பனிட்டாலன்றிக் கடைமடை நனையாது. அங்கத்தினர்காள்! நீங்களும் ஒருநாள் சென்று வாருங்கள். கையில் குறிப்பேடு இருக்கட்டும்.